சனிக்கிழமை ரிங்

சீன பாஷை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் எம். புதுப்பட்டியில் சிரிக்காத ஆள் இல்லை. எம்.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருடம் சூலக்கரையில் இருக்கும் மாவட்ட அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பத்தோடு அலைந்தவன் நான். சிவகாசி அச்சகங்களுக்குச் சீன இயந்திரங்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. "அவனுக பாஷை தெரிஞ்ச பய ஒருத்தன் இருந்தா நானே வேலைக்கு வச்சுக்கிடுவேன்" என்று ஓர் அச்சக முதலாளி யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. அந்த ஒரு பேச்சை நம்பி, சீன அரசின் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு, ஒரு வருட மொழி, பண்பாட்டுப் படிப்புக்குக் கிளம்பினேன். என் புத்தி அவ்வளவுதான்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. கம்பெனியில் மற்ற அறைகளில் நாலு பேர் இருப்பார்கள், மருந்து ரூமில் மட்டும் ஆளைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஏன் என்று வீட்டில் யாரும் பேசமாட்டோம். நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அப்பா சொன்னார்: "நீ பாஸாகி வாலே. அன்னைக்கே மருந்து ரூமை விட்டு நின்னுர்றேன்." அம்மா அதை நம்பினாள். நான் அம்மாவைவிட அதிகமாக நம்பினேன்.

அங்கே போனால், விடுதி அறையில் எனக்குத் துணையாக வந்து சேர்ந்தவன் விருதுநகர்க்காரன். முஸ்லிம் வியாபாரக் குடும்பம், எம்.காம். படித்தவன். சரக்கு வாங்க வரும்போது தரகனிடம் ஏமாறக் கூடாதென்று அவனுடைய அத்தா சொந்தக் காசில் அனுப்பியிருந்தார். பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர்களுக்கென்று தனிச் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. முதல் வாரமே அவன் என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனான். ஆட்டுக்கறி போட்ட நூடுல்ஸை வைத்துக்கொண்டு, "இதுல நம்மூரு மொளகாப்பொடி கொஞ்சம் விழுந்தா எம்புட்டு நல்லாருக்கும்" என்பான். வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் அதையே சொன்னான்.

அந்த ஊரில் புதுக்கடை திறந்தாலும் கல்யாணமென்றாலும் காலையிலேயே சரவெடி கொளுத்துவார்கள். முதல் தடவை சத்தம் கேட்டதும் நான் ஜன்னலுக்கு ஓடிப் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்தேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. திசை தெரிந்தால் எந்தக் கம்பெனி என்று தெரியும், கம்பெனி தெரிந்தால் யார் வீட்டுக்கு ஓடவேண்டும் என்று தெரியும். வகுப்பில் உடன் படித்தவர்களெல்லாம் கைதட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் போன் கிடையாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அப்பா பஸ் ஸ்டாண்ட் பூத்துக்குப் போய் என் செல்லுக்கு ஒரே ஒரு ரிங் விடுவார். எல்லோரும் சௌக்கியம் என்று அர்த்தம். ரிங் வராவிட்டால்தான் நான் கூப்பிட வேண்டும். எடுத்தால் பூத்தில் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும், அதனால் எடுக்கவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பொங்கல் சமயத்தில் ஆசை தாங்காமல் ஒரு தடவை எடுத்துவிட்டேன். "வைலே, வை" என்று சொல்லித் தானே வைத்துவிட்டார். அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

ஜூன் மாதம் இறுதித் தேர்வு. திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வில் சொந்த ஊரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சீனர்கள் உலகத்துக்குக் கொடுத்ததாக ஆசிரியை சொல்லித் தந்த நான்கு: காகிதம், அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி. அதில் மூன்று எங்கள் ஊர்ப் பிழைப்பு. அதையே தொடக்கமாக வைத்து அப்பாவைப் பற்றி எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் செல் அடித்தது. வெளிநாட்டு அழைப்பென்றால் அதில் எண் விழாது, வெறும் கோடுதான் வரும். ஒரு ரிங்கில் நிற்கவில்லை. ஐந்து, ஆறு என்று போயிற்று. என் விரல் பொத்தான் மேல் இருந்தது.

"எடுக்காத மாப்ள, உங்கப்பா வையப் போறாரு" என்றான் விருதுநகர்க்காரன்.

நின்றது. மறுபடியும் அடித்தது. திங்கட்கிழமை தேர்வென்று என் கடிதத்தில் படித்திருப்பார், அந்தச் சந்தோஷத்தில் கூடுதலாக நாலு ரிங் விடுகிறார் என்று சொல்லி நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தேர்வில் தடுமாறாமல் பேசினேன். "உங்கள் தந்தையின் வேலை ஆபத்தானதல்லவா?" என்று கேட்டார் ஆசிரியை. பாடத்தில் படித்த வாக்கியத்தையே சொன்னேன்: "அவர் மிகவும் கவனமானவர், கவலைப்பட வேண்டாம்." நல்ல உச்சரிப்பு என்று பாராட்டினார். வெளியே வந்து, அப்பா போட்ட சட்டத்தை மீறி, போன் கார்டு வாங்கி எங்கள் ஊர்ப் பூத்துக்குப் பேசினேன். பாஸாகிவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"உங்கப்பா நேத்துக் காலையிலயே தவறிட்டாகய்யா. பரீச்சை முடியட்டும், பெறகு சொல்லிக்கிடலாம்னு பெரியவுக சொல்லிட்டாக" என்றார் பூத்துக்காரர்.

வெள்ளிக்கிழமை மதியம் மருந்து ரூமில் தீ. காலையோடு முடிக்க வேண்டிய வேலையை ஆர்டர் நெருக்கடியில் உச்சி வெயிலில் செய்ய விட்டிருக்கிறார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் இருந்திருக்கிறார். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். நான் ஊர் வந்து சேர்ந்தபோது மருந்து ரூமுக்கு வேறு ஆள் வந்திருந்தார். சான்றிதழை எடுத்துக்கொண்டு அந்த அச்சக முதலாளியைப் போய்ப் பார்த்தேன். "மெஷினோட அவனுகளே ஆளும் அனுப்புறானுகப்பா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை போன் செய்தது யாரென்று நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயம். தீபாவளி கழிந்து, ஒரு பகலில் அம்மாவே சொன்னாள்.

"உங்கப்பாதான் போடச் சொன்னாக. அன்னைக்கி நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாக. ஆஸ்பத்திரி வாசல்ல பூத்து. ரெண்டு மட்டம் போட்டுப் பாத்தேன். நீ எடுக்கலய்யா."

"அப்பாட்ட என்னம்மா சொன்ன?"

"எடுத்தான், பேசினான்னு சொன்னேன். பாஸாயிருவானாம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'அப்ப திங்கக்கிழமையிலருந்து நான் வேலைக்குப் போகல'ன்னாக."