கண்மாய் நிறைந்த அன்று ஈஸ்வரி பேசியது

கருவக்குடி ஊராட்சித் தலைவராக இருந்த ஐந்து வருஷத்தில் ஈஸ்வரி பேசாத இடம் கிடையாது. குடிநீர்த் தொட்டிக்குப் பெயிண்ட் அடித்தாலும் பேசினாள், ரேஷன் கடைக்குப் புதுத் தராசு வந்தாலும் பேசினாள். பந்தல்குடியில் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டு, குத்துவிளக்கை மட்டும் ஏற்றினால் போதும் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியும், ஏற்றிவிட்டு இருபது நிமிஷம் பேசிவிட்டுத்தான் இறங்கினாள். இதையெல்லாம் இப்போது அவளே சொல்லிச் சிரிக்கிறாள். பதவி முடிந்துவிட்டது, இனிச் சிரிக்கலாம்.

பிறந்தது வீரசோழன் பக்கம் ஒரு சின்ன ஊர். பன்னிரண்டாவது படிக்கும்போது பேச்சுப் போட்டியில் முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினாள். அதோடு நிறுத்தியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும் என்பது அவள் சொல்வது. கல்யாணமாகிக் கருவக்குடிக்கு வந்து இருபது வருஷம் மிளகாய்க்கும் மல்லிக்கும் களை வெட்டினாள். தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்ததும், அவள் வீட்டுக்காரன் சோலையை நிறுத்த முடியாமல் போன பங்காளிகள், பேருக்கு இவள் இருக்கட்டும், காரியத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து நிறுத்தினார்கள். ஜெயித்த அன்று சாயங்காலம் நன்றி சொல்வதற்காக மைக்கை வாங்கியவள், அதன்பிறகு அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. சோலைக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மைக்கைக் கண்டாலே அவன் பத்தடி தள்ளி நின்றுகொள்வான்.

முதல் வருஷம் சுதந்திர தினக் கூட்டத்தில் ஒரு தப்பு நடந்தது. வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வரவேற்றவள், மருதுபாண்டியின் பேரை விட்டுவிட்டாள். மருதுபாண்டி ஊரிலேயே அதிக நிலம் வைத்திருக்கிற பெரிய சம்சாரி, வயசு அறுபத்தைந்து, முறைக்கு இவளுக்கு மாமா. மிட்டாயைக் கையில் வாங்காமலே எழுந்து போனார். அதற்கப்புறம் தெற்குத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் அவர் வயல் வழியாகத்தான் போக வேண்டும் என்றபோது, ஏழு மாசம் வரப்பில் கடப்பாரை வைக்க விடவில்லை. ஒரு பேர் விட்டுப்போனதற்கு இருபத்திரண்டு வீட்டுப் பெண்கள் ஏழு மாசம் குடம் சுமந்தார்கள்.

மருதுபாண்டி எழுந்து போன அன்றைக்கே ஈஸ்வரி ஒரு பட்டியல் எழுதினாள். மொத்தம் இருபத்தாறு பேர். யாருக்குப் பிறகு யார் என்று நாலு நாள் யோசித்து வரிசைப்படுத்தி, அருப்புக்கோட்டை போய் லேமினேஷன் செய்துகொண்டு வந்தாள். முதல் பேர் மருதுபாண்டி. கடைசிப் பேர் சர்ச்சு உபதேசியார் சிலுவைமுத்து, ஏனென்றால் அவர் ஒருத்தர்தான் கோபித்துக்கொள்ள மாட்டார். அதன்பிறகு கொசு மருந்து அடிப்பதைப் பற்றி அறிவிக்க வேண்டும் என்றாலும் அந்த இருபத்தாறு பேரும் வந்து போன பிறகுதான் கொசு வரும்.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் அந்த மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. எங்கள் பக்கத்தில் மழைக்கு யாரும் குடை பிடிப்பதில்லை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கருவக்குடிக் கண்மாய் நிறைந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே பாதி சீமைக்கருவேலம், மீதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையையும் பத்தாவது வரை படிக்க வைத்துவிட்ட பெண்கள்கூடக் கண்மாயில் தண்ணீர் ததும்பி நின்று பார்த்ததில்லை. ஈஸ்வரியும் வாக்கப்பட்டு வந்த பிறகு ஒரே ஒரு தடவை பார்த்ததுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்றரை மணிக்குச் செல்லக்கிளி நனைந்து வந்து நின்றாள். தெற்குத் தெருக்காரி, நூறு நாள் வேலைக்கு வருகிறவள். அந்தத் தெரு கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருக்கிறது. அவள் சொன்னது மொத்தமும் இவ்வளவுதான்.

“தலைவரம்மா, பழைய மடைக்குக் கீழ தண்ணி கசியுது. கலங்கலா வருது. எங்க தெருவக் காலி பண்ணணும்.”

கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரையின் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அது ஈஸ்வரிக்கும் தெரியும். தாலுகா ஆபீசுக்குச் சொல்லலாம் என்று பார்த்தால் செல்போன் டவர் காலையிலேயே படுத்துவிட்டது. ஊர் முழுக்கக் கேட்கிற ஆபீஸ் மைக்கில் சொல்வது ஒன்றுதான் வழி. செல்லக்கிளியையும் கூட்டிக்கொண்டு ஊராட்சி ஆபீசுக்கு நடந்தாள். சோலை பின்னாலேயே வந்து, தெற்குத் தெருவைக் காலி செய்யச் சொல்லிவிட்டு இறங்கிவிடு என்றான். தலைவர் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று இவள் அவன் வாயை அடைத்தாள்.

நடந்துபோகும்போது மனசுக்குள் என்ன ஓடியது என்பதை அவளே ஒளிக்காமல் சொல்வாள். இருபத்திரண்டு வீட்டைப் பற்றிய கவலை ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. இன்னொரு பக்கம், முதல் வரியை எப்படி ஆரம்பிக்கலாம் என்று ஓடியது. விருதுநகரில் நடந்த ஒரு பயிற்சியில், ஆபத்து நேரத்தில் மக்களைப் பதற விடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் நல்ல சேதியில் தொடங்கி, மெல்ல மெல்லக் கெட்ட சேதிக்கு வரலாம் என்று முடிவு செய்தாள். பட்டியலும் பையில் இருந்தது.

மைக்கைப் போட்டாள். மருதுபாண்டி அவர்களே என்று தொடங்கி சிலுவைமுத்து அவர்களே என்று முடிப்பதற்கு ஏழு நிமிஷம் ஆனது. பிறகு கண்மாயை வெட்டிய முன்னோர்களுக்கு நன்றி. பிறகு மழைக்கு நன்றி. செல்லக்கிளி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. பத்தாவது நிமிஷத்தில்தான் ஈஸ்வரி கண்மாய்க்கு வந்தாள். “நமது கண்மாய் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இன்று நிறைந்து நிற்கிறது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்ளும் இந்த வேளையில்” என்றாள்.

அந்த வேளையில் கரண்ட் போனது.

அது போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. உணர்ச்சியோடு பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை வேறு அடித்துக்கொண்டிருந்தது. கசிவு, கலங்கல் தண்ணீர், தெற்குத் தெரு, மேட்டில் இருக்கிற சர்ச்சு என்று சொல்ல வேண்டியதை எல்லாம் அழகாக, ஏற்ற இறக்கத்தோடு, இரண்டு நிமிஷம் சுவருக்குச் சொன்னாள். செல்லக்கிளி வந்து தோளைத் தொட்டு, கரண்ட் போய் நேரமாச்சு என்றாள்.

அதற்குள் வெளியே போயிருந்த சோலை ஓடி வந்தான். “ஊரே தேங்காயும் சூடமுமா கரைக்குப் போகுது. நீ என்னத்தச் சொன்ன?”

கண்மாய் நிறைந்தால் மடையில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவது ஊர் வழக்கம். பதினெட்டு வருஷமாக யாருக்கும் அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. தலைவரே மைக்கில் மகிழ்ச்சியோடு தெரிவித்த பிறகு வீட்டில் யார் இருப்பார்கள்? எந்தக் கரையை விட்டு ஓடுங்கள் என்று சொல்ல வந்தாளோ, அந்தக் கரைக்கே ஊர் முழுவதையும் வரவேற்று அனுப்பிவிட்டாள். தெற்குத் தெரு ஆட்களும் அங்கேதான் போயிருந்தார்கள்.

நடக்க முடியாதவர்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டில் கிடப்பார்கள் என்று சொல்லிவிட்டுச் செல்லக்கிளி தன் தெருவுக்கு ஓடினாள். சர்ச்சைத் திறக்கச் சொல்லி உபதேசியாரிடம் சோலையை அனுப்பிவிட்டு ஈஸ்வரி கரைக்கு ஓடினாள். ஏறிப் பார்த்தால் நானூறு பேர் இருக்கும். பெண்கள் குலவை போடுகிறார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்து நிற்கிறார்கள். ஒரு வயசான அம்மா, உன் காலத்தில்தான் நிறைஞ்சது, எல்லாம் உன் ராசி என்று சொல்லி, மடைக்குப் போட வைத்திருந்த கதம்பத்தை எடுத்து இவள் கழுத்தில் போட்டது. நாலைந்து பேர் கும்பிட்டார்கள்.

இந்த இடத்தில் ஈஸ்வரி ஒரு உண்மையைச் சொல்வாள். அந்தப் பூ கழுத்தில் விழுந்தபோது, ஒரு நாலு நொடி, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காலுக்குக் கீழே கரை அரித்துக்கொண்டிருக்கிறது, இவள் பூவைச் சரி செய்தாள்.

பிறகு கூட்டத்தைப் பார்த்து, அனைவருக்கும் வணக்கம் என்றாள். குலவையில் அது யாருக்கும் கேட்கவில்லை. பெரியவர்களே, தாய்மார்களே என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே அவளுக்குத் திரும்ப வணக்கம் வைத்தார்கள். மருதுபாண்டி மடைக் கல்லின் மேலேயே ஏறி நின்றார், கையில் தேங்காய். கசிவு அவருக்கு நேர் கீழே. மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். செல்லக்கிளி பார்த்தபோது கசிவாக இருந்தது இப்போது குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், அத்தனை வருஷமாகப் படித்த பேச்சில் ஒரு சொல் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“ஏலே மருதுபாண்டி, எறங்குலே கீழ.”

குலவை பாதியில் நின்றது. ஊரில் அவர் வயசு ஆண்கள்கூட அவரை அப்படிக் கூப்பிட மாட்டார்கள். மருமகள் முறையில் இருக்கிற ஒரு பொம்பிளை, நானூறு பேர் நடுவில், ஏலே என்றாள்.

“கரை உடையப் போகுது. எல்லாரும் சர்ச்சு மேட்டுக்குப் போங்க” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் வாழ்க்கையில் பேசியதிலேயே சின்னது.

மருதுபாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தத் தேங்காய் தன் தலைக்குத்தான் வரப்போகிறது என்று அவள் நினைத்தாள். அவர் குனிந்து மடைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். தேங்காயைத் துண்டில் முடிந்துகொண்டு, இறங்கி மேட்டைப் பார்த்து நடந்தார். அவர் நடந்ததும் மொத்தக் கூட்டமும் நடந்தது. ஓட்டமும் நடையுமாகக் கடைசி ஆள் இறங்க அரை மணி ஆனது. ஐந்து மணி தாண்டிப் பத்து நிமிஷத்தில் மடையோடு சேர்த்துக் கரை போனது. தெற்குத் தெருவில் ஒன்பது வீட்டுச் சுவர் விழுந்தது. ஓர் உயிர்கூடச் சேதமில்லை என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தையும் அவள் விடாமல் சொல்வாள். பேரிடர் நேரத்தில் மக்களுக்குத் தகவலைச் சிறப்பாகக் கொண்டுசேர்த்ததற்காக அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பக்கத்து ஊராட்சித் தலைவர்களுக்கெல்லாம் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று மேடையில் ஏற்றினார்கள். மருதுபாண்டி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போகலாம் என்று பயந்து பயந்து ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். அதற்குள் அவர் டீக்கடையில் உட்கார்ந்து வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நானூறு பேர் நின்ற இடத்தில் அந்தப் பிள்ளை யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது, நான் இறங்காமல் ஒருத்தன் இறங்கியிருப்பானா என்று கேட்டாராம். இருபத்தாறு பேரில் மற்ற இருபத்தைந்து பேருக்கு அதில் வருத்தம்.

இதுவரை சொல்லி முடிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கரை உடைந்த நாலாம் நாள் நடந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை, சோலைக்குத் தெரியும்.

அன்று செல்லக்கிளி தன் தெருவுக்கு ஓடினாள் அல்லவா? படுத்த படுக்கையாய்க் கிடந்த தங்கத்தாயை முதலில் முதுகில் தூக்கிச் சர்ச்சில் விட்டாள். திரும்பி வந்து, பக்கவாதத்தில் கிடந்த ஒரு பெரியவரைத் தூக்கினாள். மேடு வரை போகவே சேற்றில் அரை மைல். அவளுடைய ஆடு நாலும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கட்டிக் கிடந்தன. அவற்றை அவிழ்த்துவிட மூன்றாவது தடவை அவள் இறங்கி வரும்போது தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் கிடைத்திருந்தால் அவிழ்த்திருப்பாள். அந்தப் பத்து நிமிஷம் எங்கே போனது என்று ஈஸ்வரிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாலாம் நாள் வெயில் அடித்தது. செல்லக்கிளி, தெற்குத் தெரு ஆட்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக் கம்பிவேலியில் ஈரச் சேலைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி போய் நின்று, இயற்கை செய்கிற காரியத்துக்கு முன்னால் நாமெல்லாம் என்ன செய்ய முடியும் என்று ஆரம்பித்தாள். அரசாங்கம் பார்க்கும், ஊர் உன்னை மறக்காது என்றெல்லாம் சொன்னாள். செல்லக்கிளி கேட்டுக்கொண்டே சேலையைப் பிழிந்தாள். பேசப் பேச ஈஸ்வரிக்குத் தன் குரலே கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்திவிட்டாள்.

“நான் பேசிக்கிட்டே நின்னேன். அதனாலதான் ஒன் ஆடு செத்துச்சு” என்றாள் ஈஸ்வரி.

செல்லக்கிளி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமா, தலைவரம்மா.”

அதற்கு மேல் ஏதாவது சொல்லுவாள், விடுங்க, நீங்க என்ன செய்வீங்க என்று ஒரு வார்த்தை வரும் என்று ஈஸ்வரி காத்து நின்றாள். வரவில்லை. செல்லக்கிளி அடுத்த சேலையை எடுத்துப் பிழிந்தாள்.