பிலோமி சொன்ன தடிக் கேபிள்

பிலோமி போய்விட்டாள்... இன்று காலை, குளச்சலில், மகன் வீட்டில். தூக்கத்திலேயே.

தொண்ணூறைத் தாண்டியவள்தான். எனக்கும் அதே வயது. ஒற்றை விரலால் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தோழி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு அவள்மேல் பொறாமைதான் அதிகம். கல்யாணமான புதிதில் தொடங்கியது...

நம் ஜில்லா மெட்ராஸோடு சேர்வதற்குச் சில வருஷம் முன்பு. பிலோமி தக்கலை தந்தி ஆபீஸில் கிளார்க். என் வீட்டுக்காரர் சயன்ஸ் வாத்தியார். வீட்டிலிருந்தே தந்திபோல மோர்ஸ் அடித்து வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோ செட்டும், அதற்கு லைசென்ஸும் வைத்திருந்தார்.

டூட்டி முடிந்து குளச்சல் பஸ் வரும்வரை அவள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அவளுக்கு லைசென்ஸ் இல்லாததால் எங்கள் செட்டில் மோர்ஸ் அடிக்க முடியாது, கேட்கலாம். இருவரும் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்பார்கள். திடீரென்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

நான் காப்பி டம்ளரோடு நிற்பேன். எனக்கு அது வெறும் டிக் டிக்.

எங்கள் வீடு பள்ளத்தில். ஆன்டெனா பின்னால் பாறை உச்சியில். நடுவே நீளமான பழைய ஒயர். வெளியூர்க்காரர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்டது, நாங்கள் பேசுவதுதான் யாருக்கும் கேட்கவில்லை. செட்டிலிருந்து கிளம்பும் பவர் பாறை ஏறுவதற்குள் ஒயரிலேயே தீர்ந்துவிடுகிறது என்றார் இவர்.

மெட்ராஸில் மிலிட்டரி மிச்சச் சாமான் விற்கிற கடையிலிருந்து அந்தப் பழைய ஒயருக்குப் பதிலாகப் போட கோஆக்ஸ் என்கிற ஆன்டெனா கேபிள் ரெண்டு துண்டு சாம்பிள் வந்தது. ஒன்று பென்சிலைவிட மெல்லிசு. இன்னொன்று விரல் தடிமன்.

"மெலிசு போதும். வளைக்க லேசு, ஜன்னல் இடுக்கு வழியா கொண்டாந்துரலாம்," என்றார் இவர்.

பிலோமி ரெண்டையும் பிளேடால் கீறிப் பார்த்தாள். "கொஞ்ச தூரம்னா மெலிசு போதும் சாரே. பாறைக்கு எவ்வளவு தூரம் கெடக்கு? தடிச்சதுல பவர் நஷ்டம் கம்மி. ஆனா இந்தத் துண்டு மாதிரி வேண்டாம்... உள்ள கம்பிப் பின்னல் கறுத்திருக்கு பாத்தியளா, ஈரம் எறங்குனது. நுனி அடைச்ச புது ரோலா கேட்டு எழுதுங்க."

எழுதினார். வந்தது. ஆனால் தடிக் கேபிள் ஜன்னல் இடுக்கில் நுழையாதே...

பாத்திரம் வைக்க ஒரு பலகை அடித்துத் தாருங்கள் என்று மாதக் கணக்காகக் கேட்டிருந்தேன். வாடகை வீடு, ஆணி அடிக்கக்கூடாது என்றவர், அன்றைக்கே உளியை எடுத்து என் அடுக்களைச் சுவரில் ஓட்டை போட்டார்.

கேபிளைக் கட்ட அவர் பாறை ஏறினார். கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டு பிலோமி நின்றாள். நான் கேட்டேவிட்டேன். "ஏட்டி, எங்க வீட்டுக்காரரு கூட சிரிக்கதுக்கு ஒனக்கு அப்பிடி என்ன இருக்கு?"

அவள் கேபிளை விடவில்லை. "எனக்காக்கும் ஒன்னப் பாத்தா வயித்தெரிச்சல்," என்றாள்.

"என்னையா?"

"நாளெல்லாம் அடுத்தவங்க சாவும் கல்யாணமும்தான் அடிக்கேன். எனக்குன்னு ஒரு வார்த்தை அடிச்சது இல்ல. லைசென்ஸ் பரீட்சை எழுத அப்பா விடமாட்டேங்காரு. நீ இந்த செட்டு இருக்க வீட்டுல இருந்துகிட்டு, அதைத் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்க."

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் எங்களுக்குப் பதில் அடித்தார். மறுபடி ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பு. என்னவென்று கேட்டேன். "அங்கயும் மழையாம்," என்றாள் பிலோமி. இதற்கா இந்தச் சிரிப்பு...

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் குளச்சலுக்கு பஸ் ஏறினேன். அவளுக்குச் சொந்தமாக ஒரு செட் இருந்தால் என் வீட்டுக்கு வரமாட்டாள் அல்லவா. அவ்வளவுதான் என் கணக்கு.

அவள் அப்பா மீன் ஏலத்தில் இருந்தார். பிலோமியை லைசென்ஸ் பரீட்சை எழுத விடுங்கள் என்றேன். "பொட்டப்பிள்ளைக்கு இது எதுக்கு மக்ளே?" என்றார்.

"ஒங்க மவ தெனமும் எங்க வீட்டுல வந்து இருக்கா. ஊரு நாலு விதமா பேசும். அவளுக்கு உங்க வீட்டுலயே ஒரு செட்டு இருந்தா அங்கயே இருப்பால்லா," என்றேன்.

அவர் "செரி, எழுதட்டு," என்றார்.

எழுதினாள், பாஸானாள். செட்டை என் வீட்டுக்காரரே செய்து கொடுத்தார். பிலோமி வருவதும் நின்றது.

எனக்கு நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் குளச்சலிலிருந்து அவள் மோர்ஸில் கூப்பிடுவாள், தக்கலையில் இவர் தனியாகச் சிரிப்பார். "பிலோமி ஒன்ன விசாரிச்சா," என்பார் கடைசியில். பதில் சொல்ல எனக்கு லைசென்ஸ் இல்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகியும் அது நிற்கவில்லை...

பல வருஷம் கழித்து இவர் இறந்தபோது வந்தாள். என்னைவிட அதிகமாக அழுதாள். வந்தவர்களெல்லாம் அவளைத்தான் தேற்றினார்கள். அதிலும் எனக்குப் பொறாமை வந்தது, சொன்னால் நம்புவீர்களா.

இன்று அவள் மகன் போனில் சொன்னதிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன். தேற்றுவதற்கு மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நாளை மதியம் அடக்கமாம். கார் சொல்லியிருக்கிறேன்.

வாறேன் பிலோமி...