டார்க்கிலின் பட்டிச் சுவர்

மக்காஸ்கில் என்ற குடும்பப் பெயர் பிறந்த இடம் என்று ஸ்காட்லாந்தில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை. அந்தப் பெயரோடு இப்போது ஊரில் மிச்சமிருப்பவர் ஆடு வளர்க்கும் டார்க்கில் ஒருவர்தான். மற்ற மக்காஸ்கில்கள் பாட்டன் பூட்டன் காலத்திலேயே கப்பலேறி, கனடா, நியூசிலாந்து என்று பெருகிக் கிடக்கிறார்கள்.

கோடை வந்தால் போதும், பூர்வீகம் பார்க்கக் கூட்டமாக வந்து இறங்கிவிடுவார்கள். டார்க்கிலின் ஆட்டுப்பட்டியில் இடிந்த சுவரைக் கண்டதும், அதுதான் மூதாதையர் வீடு என்று தாங்களே முடிவுகட்டி அழுவார்கள். போகும்போது ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொள்வார்கள்.

"ஆட்டுப்பட்டின்னு சொல்லித் தொலையேன்யா!" என்று நான் கத்துவேன்.

"அழுதுட்டு இருக்கிறவங்ககிட்ட எப்படிய்யா சொல்றது?" என்பார் டார்க்கில். பிறகு குளிர்காலம் முழுக்கக் கல் சுமந்து சுவரை அடைப்பார்.

போன ஜூலையில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த மார்லீன் மக்காஸ்கில், கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையளவு கல்லொன்றைப் பைக்குள் திணித்தாள். பிறகு டார்க்கிலைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் கப்பலேறிப் பொழச்சுக்கிட்டாங்க. உங்க கொள்ளுத்தாத்தா மட்டும் ஏங்க போகல?"

"அவரும் மூட்டை கட்டிட்டுத்தாம்மா இருந்தாரு. கப்பல் கிளம்புற அன்னிக்கு, வித்த ஆடெல்லாம் பட்டியை விட்டு ஓடிப்போச்சு. மலையெல்லாம் தேடிப் புடிச்சு, வாங்கினவன்கிட்ட விடறதுக்குள்ள கப்பல் போயிருச்சு."

"ஐயோ! பட்டியில இருந்த ஆடு எப்படிங்க ஓடுச்சு?"

டார்க்கில் அவள் பையையே பார்த்தார்.

"சுவத்துல ஒரு கல்லைக் காணோம்மா."