துரியோதனனுக்கு வந்த முகம்

மரக்காணம் உப்பளத்தில் வரப்புக் கட்டுவதென்றால் கன்னியப்பன்தான். அவர் கைபட்ட வரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது. அந்தக் கைக்காகவே திரௌபதியம்மன் திருவிழாவில் துரியோதனன் பிடிக்கும் வேலையும் அவரிடம் வந்தது. கோயில் திடலில் வீட்டு நீளத்துக்குக் களிமண்ணில் மல்லாந்து கிடப்பான் துரியோதனன். மறுநாள் கூத்தில் பீமன் வேஷக்காரர் அவன் தொடையில் அடிப்பார். ஊரே ஆரவாரம் போடும். பிறகு ஆளுக்கொரு பிடி மண்ணை அள்ளிப்போய் வயலிலும் உப்புப் பாத்தியிலும் தூவுவார்கள், விளைச்சல் பெருகுமென்று. தான் பிடித்தது தரைமட்டமாவதைப் பார்த்து அவரும் விசிலடிப்பார்.

போன வருஷம் சித்திரையில் ஒரே மகன் பாலகுருவை லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தலையோடு துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாமென்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். குளிப்பாட்ட எடுத்து வைத்த தண்ணீர் அண்டாவிலேயே நின்றது. “எம்புள்ளய மூஞ்சி கழுவாம அனுப்பிட்டேனே” என்று அவர் மனைவி பாப்பாத்தி இன்றைக்கும் புலம்புகிறாள். பெற்றவளுக்கு அது ஆறுமா?

திவசம் முடிந்த பிறகு, இந்த வைகாசியில் கன்னியப்பன் மறுபடி களிமண் மிதித்தார். காலும் தொடையும் மார்பும் எப்போதும்போல வந்தன. கடைசியில் முகம். கோயில் தர்மகர்த்தா விஜயகுமார் வந்து குனிந்து பார்த்தார்.

“ஏம்பா கன்னியப்பா, இது நம்ம பாலகுருவாட்டம் இருக்குதேப்பா.”

அப்போதுதான் கன்னியப்பனுக்கே தெரிந்தது. கிரிக்கெட் பந்து பட்டுக் கோணிய மூக்குகூட அப்படியே இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால் சிரித்துவிட்டுப் போகலாம். துரியோதனன் பிடிக்கப் பெற்ற மகன் வந்து படுத்தால் என்ன செய்வது? முறுக்கு மீசை வைத்துப் பார்த்தார். மீசை வைத்த பாலகுருவாகத்தான் கிடந்தான்.

“என்னால அழிக்க முடியலைங்க. வேற யாரையாவது அழிக்கச் சொல்லுங்க.”

ஒருவரும் முன்வரவில்லை. நாளைக்கு இந்த முகத்தை ஊரே பிய்த்தெடுக்கும், பாப்பாத்தி அதைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பயம். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, கூத்துக்கு வராதே என்று கெஞ்சினார்.

மறுநாள் பீமன் அடித்தான். தொடையில் புதைத்திருந்த கலயம் உடைந்து குங்குமத் தண்ணீர் சிந்தியது. யாரும் ஆரவாரம் போடவில்லை. சனங்கள் வந்து காலில் ஒரு பிடி, மார்பில் ஒரு பிடி என்று அள்ளிக்கொண்டு ஒதுங்கினார்கள். முகத்தை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. நல்ல சனங்கள்தான்.

பாப்பாத்தி இடுப்பில் குடத்தோடு வந்தாள்.

“வாணாம் பாப்பாத்தி” என்றார் கன்னியப்பன்.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி முதலில் அந்த மீசையைத் துடைத்தாள். பிறகு நெற்றி, கன்னம், காதுமடலின் பின்பக்கம்.

“கண்ண மூடிக்கடா ராஜா, எரியும்.”

கோணல் மூக்கு கரைந்தது. உதடு கரைந்தது. அவள் நிறுத்தவில்லை. பாதிக் குடம் தீர்ந்ததும் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீயும் ஊத்துய்யா. நீயுந்தான அன்னிக்கு ஊத்தல.”

கன்னியப்பன் குடத்தை வாங்கிக்கொண்டார்.