இருமக் கூடாத வருஷம்

பள்ளிக்கூட ஆபீஸ்ல இன்சூரன்ஸ் ஃபைல் யார் மேஜையில இருக்குதோ, ஊர் வியாதியெல்லாம் அவங்களுக்குத்தான் முதல்ல வணக்கம் சொல்லும். எங்க காஞ்சிபுரம் பள்ளிக்கூடத்துல அந்த மேஜை என்னுது. உங்க ஆபீஸ்ல அதை உங்க தலையில கட்டியிருக்காங்கன்னா, வாங்க, பக்கத்துல உக்காருங்க.

முதல் தியாகி

எங்க பாலிசியில டீச்சருங்களோட அப்பா அம்மாவுக்கும் இடம் உண்டு. போன வருஷம் பிரீமியம் எகிறிப்போச்சு. இன்னொரு தடவை ஏறினா பெத்தவங்களை எடுத்துடுவேன்னு தாளாளர் மீட்டிங் போட்டுச் சொல்லிட்டார். கிளெய்ம் போடலைன்னா ஏறாதுன்னு நாங்களே ஒரு கணக்குப் போட்டோம். ஒரு வருஷம் யாரும் ஆஸ்பத்திரி பக்கமே போறதில்லன்னு முடிவாச்சு.

கணக்கு டீச்சர் வசந்தாவோட அம்மாவுக்கு முட்டி ஆபரேஷனுக்குத் தேதியே குறிச்சிருந்தாங்க. வாலாஜாபாத்துல இருந்து அந்தம்மாவே எனக்கு போன் பண்ணாங்க. "என் ஒருத்தியால எல்லாருக்கும் இன்சூரன்ஸ் போவணுமா? ஒரு வருஷம் உக்காந்துக்கினே இருக்கறேம்மா."

கசிந்த எண்ணெய்

எங்க ஆரோக்கியத்துக்கு பி.டி. சார் தானா பொறுப்பெடுத்துக்கினார். ஸ்டாஃப் ரூம்ல பஜ்ஜி, வடைக்குத் தடை. யாராவது தும்மினா ஒரு முறை முறைப்பார் பாருங்க, அடுத்த தும்மல் உள்ளேயே போயிடும்.

ஒரு நாள் தமிழையா எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டை மார்போட அணைச்சுக்கினு போறார். கட்டுல எண்ணெய் கசியுது, மெதுவடை வாசனை வேற. பி.டி. சார் வழி மறிச்சார். தமிழையா கொஞ்சமும் அசரல. "பையன் தலைக்கு எண்ணெய் ஜாஸ்தி வச்சுக்கினு பரீட்சை எழுதிட்டான் சார்."

ஷூ

கருட சேவைக் கூட்டத்துல ட்ராயிங் மாஸ்டர் காலை யாரோ நல்லா மிதிச்சுட்டாங்க. மறுநாள் அட்மிஷன் வேலைக்கு ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல ரப்பர் செருப்போட வந்து நின்னார். கட்டைவிரல் கத்திரிக்கா நிறம். டாக்டர்கிட்ட போங்கன்னு கெஞ்சினேன். "வீங்கல மேடம், ஷூதான் சின்னதாயிடுச்சு."

கம்பெனிக்காரர் வந்தார்

பாலிசி முடியற நேரம் கம்பெனிக்காரர் வந்தார். ஒரு கிளெய்ம்கூட இல்லாத ஃபைலை பிரசாதத் தட்டு மாதிரி நீட்டினேன். ஜன்னல் பக்கம் மொத்த ஸ்டாஃபும் நிக்குது. அவர் புரட்டினார், பாராட்டினார், பிரீமியம் மறுபடி ஏறுதுன்னார். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே, ஏன் சார்னு கேட்டேன். "எல்லாருக்கும் ஒரு வயசு கூடியிருக்குதே மேடம்."

ஒன்பது நாள்

தாளாளர் சொன்னபடியே பெத்தவங்களை புது பாலிசியில இருந்து எடுத்துட்டார். வசந்தா மூஞ்சியைப் பார்க்க முடியல. அந்தம்மா வலியைப் பொறுத்துக்கினு இருந்ததெல்லாம் வீணாப் போச்சேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம்தான் பழைய பாலிசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கறது கண்ணுல பட்டுது. உடனே ஸ்பீக்கர்ல போட்டு அந்தம்மாகிட்ட சொன்னோம். "அப்ப ஒண்ணு எதுக்கு? ரெண்டு முட்டியையும் பண்ணிடச் சொல்லு."

ரெண்டும் நடந்துது, அவங்க இப்ப எங்க ஆபீஸ் மாடிப்படியை யார் கையையும் பிடிக்காம ஏறி வராங்க. ட்ராயிங் மாஸ்டர்ல இருந்து தமிழையா வரைக்கும் எல்லாருமே அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க.

அந்த ஒன்பது நாள்ல நான் அனுப்பின கிளெய்மைப் பார்த்துக் கம்பெனிக்காரருக்கும் ஒரு வயசு கூடியிருக்கும்.