ஆட்டின் மேல் போட்ட பழி

எங்கள் குடும்பத்தில் ரத்தத்துக்குக் குறைச்சலே கிடையாது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஆவடியில் ஃபேக்டரி வேலை, சேக்காட்டில் சொந்த வீடு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன்வரிசை, இந்த மூன்றையும்விட அவருக்குப் பெருமை அவருடைய ரத்தம்தான். சவரம் செய்யும்போது லேசாகக் கீறினால் போதும், கடைசி ஜெபம் வரைக்கும் கசியும். முகவாயில் தினசரிப் பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டு வந்து உட்காருவார். போதகர் பிரசங்கத்தின் நடுவில் அவ்வப்போது தடுமாறுவார். அப்பாவின் தாடையில் செய்தி படிக்கிறாரோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

அக்காவுக்கும் எனக்கும் மூக்கில் ரத்தம் வந்தால் பாதி நாள் வரும். ஜாஸ்தி ரத்தம், உடம்பு வெளியே தள்ளுது என்பார் அப்பா. அம்மாவுக்கு மட்டும் அருவாமனையில் வெட்டிக்கொண்டாலும் உடனே நின்றுவிடும். அவளுக்குத்தான் ரத்தம் பத்தவில்லை என்று முடிவு கட்டி, சம்பளம் வந்தால் ஆட்டு ஈரல் வாங்கிவந்து வறுத்துத் தின்ன வைப்பார். அந்த வீட்டிலேயே ஆரோக்கியமான ஒரே ஜீவனுக்குத்தான் வைத்தியம் நடந்தது!

இப்படிப்பட்ட வீட்டின் சின்னப் பெண் நான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரத்த உறைவு ஆராய்ச்சிக்கு உதவியாளராகப் போனேன். கல்லூரி வேலப்பன்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம். பெயர் வேண்டாம், பாவம். ஆராய்ச்சி நடத்தியவர் ஒரு பேராசிரியை. நாங்கள் மேடம் என்போம், அவர் எங்களை என்னவெல்லாமோ சொல்வார். மூன்றாவது ஆள் மேல்படிப்புக்கு வந்த ஒரு டாக்டர். அடுத்தவர் கையில் ஊசி குத்துவதில் சூரர். தன் கையை யாராவது பார்த்தால்கூட வியர்த்துவிடும்.

வேலை இதுதான். ரத்தத்தின் சிவப்பை இறக்கிவிட்டால் மேலே மஞ்சளாக நிற்கும் பிளாஸ்மாவைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, அதில் ஆட்டு மூளைச் சாற்றையும் கொஞ்சம் கால்சியத்தையும் விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எப்போது உறைகிறது என்று கடிகாரம் சொல்லும். மூளைப் பொடி வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வரும்தான். எங்களுக்கு வராது. பூந்தமல்லி கறிக்கடையில் மூளை வாங்கி, சவ்வை உரித்து, அசிட்டோனில் அரைத்து நாங்களே காயவைப்போம். கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் மூளையே வாங்கினு போற, உங்க ஆபீஸ்ல யாருக்கும் இல்லியா?"

ஆட்டுக்கு ஆடு மூளை மாறும். அதனால் இத்தனை நொடியில் உறைந்தால் சரி என்று நிலையான கணக்கு எங்களிடம் கிடையாது. நோயாளியின் குழாய்க்குப் பக்கத்தில் ஆரோக்கியமான ஆள் ஒருவரின் குழாயை வைப்போம். இரண்டும் ஒன்றாக உறைந்தால் நோயாளிக்குக் கோளாறு இல்லை. அந்த ஆரோக்கியமான ரத்தத்தைப் பல பேரிடம் எடுத்துக் கலக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகம் எழுதியவருக்கு ஆள் கிடைத்திருக்கும். எங்கள் டாக்டர் காலையில் தன் கைக்கு ஊசி என்றதும் கழிப்பறைக்குப் போய்விடுவார். மேடத்துக்கு நரம்பு அகப்படாது. என் நரம்போ எலெக்ட்ரிக் ஒயர் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே அந்த ஆராய்ச்சிக்கே ஆரோக்கியத்தின் அளவுகோல் நான்தான். குத்திய இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகும். டாக்டருக்குக் குத்தத் தெரியவில்லை என்று அவரைத் திட்டுவேன்.

என் குழாய் எப்போதும் ஆடி அசைந்துதான் உறையும். மேடத்துக்குக் கோபம் வரும், ஆட்டின் மேல். மந்த ஆடு என்பார். அடுத்த தடவை கொஞ்சம் சுறுசுறுப்பான ஆடாகப் பார்த்து வாங்கிவா என்பார். நானும் வெட்கமில்லாமல் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கஷ்டகாலம். பட்டாபிராமில் கட்டிக்கொடுத்து நாலைந்து வருஷம், குழந்தை இல்லை. மாதம் பிறந்தால் பத்துப் பதினைந்து நாள் உதிரப்போக்கு நிற்காது, எழுந்தால் தலை சுற்றும். நர்சிங்ஹோம் டாக்டரம்மா எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். முப்பதுகூட ஆகாத பெண்ணுக்கு! அதற்கு முன்னால் ரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று மட்டும் பார்த்துவரச் சொன்னார். வீட்டிலேயே ஆள் இருக்கிறேனே. அக்காவின் ரத்தத்தை எடுத்துவந்து என் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் சேர்ந்தாற்போல் உறைந்தன. கோளாறு இல்லை என்று மேடம் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் காலை என் கை வீங்கி மடக்கவே முடியவில்லை. மேடம் கழிப்பறை வாசலிலேயே காத்திருந்து டாக்டரைப் பிடித்து வந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் கொடுத்தார். அவருடைய குழாயை ஒரு சாய்ப்பு சாய்த்ததும் சட்டென்று உறைந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துப்போய், ஹார்ட் அட்டாக் வருமா மேடம் என்று கேட்டார். மேடம் வாட்ச்மேனையும் கேன்டீன் மாஸ்டரையும் இழுத்துவந்து அவர்கள் ரத்தத்தையும் பார்த்தார். எல்லாம் சட்டுச் சட்டென்று உறைந்தன. முந்தின நாள் மிச்சம் வைத்திருந்த என் பிளாஸ்மா மட்டும் அதே ஆட்டு மூளையில் சாவகாசமாகக் கிடந்தது. பிறகு என் முன்கையில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, வடிகட்டும் தாளால் ஒற்றி ஒற்றி எடுத்தார். தாள் தீர்ந்தது, ரத்தம் தீரவில்லை.

ஆடு ஒரு பாவமும் செய்யவில்லை.

"உங்க அக்காவுக்கு என்னைக்கு ஆபரேஷன்?" என்றார் மேடம்.

"நாளைக்குக் காலையில மேடம்."

நர்சிங்ஹோமுக்கு டெலிபோன் போட்டார், மணி போகவே இல்லை. ஓடு என்றார். பஸ்ஸில் பூந்தமல்லி, அங்கிருந்து ஆவடி, பிறகு பட்டாபிராம். வழியெல்லாம் டிரைவரை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனேன். கர்ப்பப்பை போவது இருக்கட்டும், இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு கத்தி வைத்தால் மேஜையிலேயே போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அழுகை அழுகையாக வந்தது.

அக்கா நைட்டியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"அறுத்துப் போட்டுடட்டும்டி. துணி தோச்சித் தோச்சி கை ஓஞ்சிப்போச்சி. கொயந்தயும் வாணாம், ஒண்ணியும் வாணாம்."

"கத்தி வச்சா நீ எந்திரிக்க மாட்டக்கா."

"நீதானடி நல்ல ரத்தம்னு எழுதிக் குடுத்த?"

"என் ரத்தத்தப் பக்கத்துல வச்சிப் பாத்தேன்க்கா. என்துதான் நல்லதுன்னு நெனச்சேன். என்துவும் ஓட்டதான்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள், இருமல் வரும்வரை சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். டாக்டரம்மாவிடம் அதையே மறுபடி ஒப்பித்து, சட்டைக் கையை மடித்துக் கன்றிய கையைக் காட்டினேன். கத்தரிக்காயை அவர் நெடுநேரம் பார்த்தார். ஆபரேஷனை நிறுத்தினார்.

ரத்தத்தை ஒட்டவைக்கும் ஒரு பசை எங்களுக்குப் பிறவியிலேயே குறைச்சல், அப்பா வழியில் வந்தது என்று மேடம் பின்னால் விளக்கினார். கர்ப்பப்பையில் ஒரு கோளாறும் இல்லை. மாத்திரையில் அக்காவின் போக்கு அடங்கியது, உடம்பு தேறினாள், ஒன்றிரண்டு வருஷத்தில் உண்டானாள். தாயும் சேயும் நலம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பெண் குழந்தை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின மணிநேரத்தை.

வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அந்தப் பசை தானாகவே கூடும், பயமில்லை, பிறந்த பிறகுதான் ஆபத்து, அதனால் புது ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லி அக்காவை எங்கள் கல்லூரிக்கே வரவழைத்திருந்தார் மேடம். ரத்தம் கொடுக்க அப்பா முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கோளாறு அவர் வழியில் வந்தது என்று நான் முன்பே வீட்டில் சொல்லியிருந்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. உங்களது வேண்டாங்க, அது உதவாது என்று மேடம் மெதுவாகச் சொன்னார்.

"எங்க ரத்தத்துக்கு இன்னா மேடம் கொறச்சல்?" என்றார் அப்பா. பிறகு அவரே மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

கொடுத்தவர் யார் தெரியுமா? கழிப்பறை டாக்டர்தான். குரூப் பொருந்தியது. கூப்பிடாமலே வந்து படுத்தார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஊசியை எடுத்துவிட்டு நர்ஸ் பஞ்சை வைத்ததும் அப்பா ஓடிப்போய் இரண்டு கையாலும் அதை அமுக்கினார். எங்கள் வீட்டில் ரத்தம் என்றால் அப்படித்தான் அமுக்குவோம். போதும் விடுங்க சார் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அப்பா பஞ்சை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அதுக்குள்ள நின்னுடுச்சா?"

"அவ்வளவுதான் சார்."

அப்பா அந்தக் கையை விடவே இல்லை. காய்ந்துபோன அந்தச் சின்னப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் அவர் தாடையில் ஒட்டிய பேப்பர் அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது.