இல்லாத பைக்கு வந்த வீக்கம்

வசுமதிக்குப் பித்தப்பையை எடுத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. பழையபடி மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து வெட்டப் போகிறாள், உடம்புக்கு ஒரு குறையுமில்லை. கணவன் வீரப்பனைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எங்கே போனாலும் அவளுடைய வியாதியை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அதையும் தப்பாகச் சொல்வார்.

நோயின் பெயர் கோலிசிஸ்டைட்டிஸ். ஆபரேஷனின் பெயர் கோலிசிஸ்டெக்டமி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சாந்தினி பிரித்தே சொல்லியிருந்தாள். "கோலின்னா பித்தம், சிஸ்ட்னா பை. ஐட்டிஸ்னு முடிஞ்சா வீங்கிக் கெடக்கு. எக்டமின்னு முடிஞ்சா வெட்டி எடுத்தாச்சு. 'டெக்'ல அழுத்திச் சொல்லுங்கக்கா, கேக்குறவங்களுக்குப் புரியும்."

வசுமதி படுக்கையில் கிடந்தபடியே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். கொழுந்து லோரி ஓட்டும் வீரப்பனோ அழுத்தம் முழுவதையும் 'கோலி'யில் போட்டுவிட்டு, சொல்லின் வாலை வாய்க்கு வந்தபடி விடுவார். வசுமதி வயிற்றில் கோலிக்குண்டு இருந்ததாம் என்று தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

பிரிஞ்சாங் சந்தையில் வாங்கிய காரக்கோழியைத் தின்ற மறுநாள் அவளுக்கு வயிறு சுருட்டிப் பிடித்தது. கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் சசிரேகா புதிதாக வந்தவர். வசுமதி வாயைத் திறக்குமுன், "கோலிசிஸ்டைட்டிஸ், டாக்டர். பழைய கேஸ்லா" என்றார் வீரப்பன்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. உடனே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆம்புலன்சுக்குப் போனை எடுத்தார்.

"பையே இல்லாத எனக்குப் பை எப்படி டாக்டர் வீங்கும்?" வசுமதி கத்தியேவிட்டாள். சட்டையை விலக்கித் தழும்புகளைக் காட்டினாள். "கோ-லி-சிஸ்-டெக்-ட-மி! டெக்! வெட்டியாச்சு!"

"ரெண்டும் ஒண்ணுதானே. வாலுதானே வேற" என்றார் வீரப்பன்.

"அந்த வாலுலதாங்க என் உசுரே இருக்கு! கொஞ்சம் வாய மூடிட்டு இருங்களேன்."

டாக்டர் போனை வைத்துவிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இரத்தம் எடுத்துச் சோதித்தார். கடைசியில், "இரைப்பையிலதான் வீக்கம். காஸ்ட்ரைட்டிஸ். காரம் கூடாது" என்று மாத்திரை எழுதினார்.

வீரப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா? ஐட்டிஸ்னு நான் அப்பவே சொன்னேன்."

வசுமதிக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

அடுத்த முறை பக்கத்து வீட்டுத் திலகாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் தானே பதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். தன்னை விட்டுவிட்டுப் போன கோபத்தில் வீரப்பன் சோறு வேண்டாம் என்றார். அவள் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.